வடிகட்டிய மெழுகு

மூக்கிக்கு அந்தப் பெயர் மூன்று வயதிலேயே விழுந்துவிட்டது. கோழிக் கடையில் வேலை முடித்து அம்மா வீட்டுக்குள் கால் வைத்தால் போதும், தூங்குகிற பிள்ளை எழுந்து உட்கார்ந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு அழும். அம்மா தலைக்கு ஊற்றிக் குளித்து வேறு துணி உடுத்தி வந்த பிறகுதான் மடிக்கு வரும். “பெத்தவ வாடையே ஆகாத பிள்ளையைப் பெத்துட்டேன்” என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பு சிரிப்புதான், ஆனாலும் அடியில் கொஞ்சம் கசப்பு இருக்கும்.

அம்மாவுக்குக் கோழி உரிக்கிற வேலை. கடையின் பின்கட்டில் ஒரு பெரிய கொப்பரை. காலையில் அதில் தண்ணீர் கொதிக்க வைத்தால் சாயந்திரம் வரை அதே தண்ணீர்தான். அறுத்த கோழியைக் காலைப் பிடித்து முக்குவார்கள், எடுப்பார்கள், இறகைப் பிடுங்குவார்கள், அடுத்ததை முக்குவார்கள். மதியத்துக்கு மேல் அந்தத் தண்ணீரைப் பார்க்க முடியாது. இறகு, ரத்தம், எச்சம் எல்லாம் ஒன்றாய் வெந்து மேலே ஒரு ஆடை கட்டி நிற்கும். நனைந்த இறகு வேகிற அந்த வாடை இருக்கிறதே, அது துணியில் ஏறினால் சோப்புக்கும் இறங்காது. பதினைந்து வருடமாக அம்மா மேல் அது குடியிருந்தது.

அதனால்தான் பள்ளிப் படிப்பு முடிந்ததும் மூக்கி அழகுக்கலை படிக்கப் போகிறேன் என்றாள். கண்ணாடிக் கதவு, வெள்ளைத் துண்டு, வாசனை. உலகத்தில் வாடை இல்லாத வேலை என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

அம்மா கேட்டுவிட்டுச் சொன்னாள்: “நானும் முடிதான்டி பிடுங்குறேன். நீ மனுசிக்குப் பிடுங்கப் போற. ஒரே வித்தியாசம், கோழி குறை சொல்லாது.”

பயிற்சி நிலையத்தில் விசாரித்தார்கள். பதினேழு வயது முடிந்திருந்தால் சேரலாம். ஆனால் ஏதாவது ஒரு பார்லரில் ஆறு மாதம் கூடமாட வேலை செய்ததற்குச் சான்றிதழ் வேண்டும். அதற்குப் பிறகு ஒரு நாள் செய்முறைத் தேர்வு. வேலை செய்து காட்ட ஆளையும் சாமானையும் அவரவர்தான் கொண்டுவர வேண்டும். இருபது இடம், இருநூறு பேர். இடம் கிடைத்தால் ஒரு வருடப் படிப்பு, பிறகு கையில் ஒரு பட்டயப் பத்திரம். கிடைக்காவிட்டால் கோழிக் கடை முதலாளி ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார்: “உம் பொண்ணையும் கூட்டிட்டு வாயேன், கொப்பரைக்கு இன்னொரு ஆள் வேணும்.”

பயிற்சி நிலையம் இல்லையென்றால் கொப்பரை. மூக்கியின் தலைக்கு மேல் இந்த ஒரு கத்திதான் தொங்கிக்கொண்டிருந்தது.

கடைத்தெருவில் மாடியில் இருந்த ஒரு பார்லரில் சேர்ந்தாள். நடத்துகிறவளை எல்லோரும் மேடம் என்பார்கள். கண்ணாடிக் கதவு இருந்தது, வெள்ளைத் துண்டும் இருந்தது. வாசனையும் இருந்தது, முன்னறையில் மட்டும்.

முதல் நாளே தலை கழுவுகிற தொட்டி அடைத்துக்கொண்டது. ஒரு கம்பிக் கொக்கியைக் கொடுத்து, “எடு” என்றார்கள். எடுத்தாள். ஒரு முழ நீளத்துக்கு முடி, சோப்பு நுரையும் சிக்கும் பழைய சாயமும் கொழகொழவென்று ஒட்டி, செத்த எலியை வாலைப் பிடித்து இழுத்த மாதிரி வந்தது. மூக்கி பின்பக்கம் ஓடிப் போய் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்தபோது மேடம் துண்டை மடித்துக்கொண்டே சொன்னாள்: “வாந்தி எடு, பரவாயில்ல. ஆனா முகத்துல காட்டாத பொண்ணே. நீ முகத்தைச் சுளிச்சா வந்தவளுக்குத் தன் மேலயே அசிங்கமாயிடும். அப்புறம் வரமாட்டா. இந்தத் தொழில் கையில இல்ல, முகத்துல இருக்கு.”

குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்ட கதையாகிவிட்டது. பாதம் ஊறுகிற தொட்டியில் சாம்பல் நிறத்தில் அழுக்கு மிதந்தது. குதிகாலைத் தேய்த்தால் செத்த தோல் மாவு மாதிரி மடியில் கொட்டியது. ஒரு நாள் ஒரு அம்மாளின் கட்டைவிரல் நகத்தை வெட்டும்போது, வெட்டிய துண்டு தெறித்து மூக்கியின் உதட்டில் வந்து ஒட்டியது. துப்பவும் முடியாது, துடைக்கவும் கை சும்மா இல்லை. அந்த அம்மாள் போகும்வரை உதட்டை அசைக்காமல் “சரிங்க, சரிங்க” என்று தொண்டையாலேயே பேசினாள்.

அங்கே நூலால் புருவ முடி எடுக்கிற ஒருத்தி இருந்தாள். பதினொரு வருடமாக மற்றவர்களின் புருவத்தையே குனிந்து பார்த்துக் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. நூலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்தபடியே பேசுவாள், அதனால் அவள் பேச்சில் பாதி விழுங்கித்தான் வரும்.

“மூக்கு உள்ளவரைக்கும் சளி, பாப்பா,” என்பாள். “உனக்கு மூக்கே பெருசு. அனுபவி.”

வீட்டுக்கு வந்தாலும் மூக்கி விடவில்லை. நூலைக் கையிலும் பல்லிலும் மாட்டிக்கொண்டு தன் முழங்காலுக்குக் கீழே இருந்த முடியை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிப் பழகினாள். காலெல்லாம் சிவப்புப் புள்ளி. பலூனை ஊதி அதில் சோப்பு நுரை பூசி, உடையாமல் பிளேடால் வழித்தாள். பள்ளி உயிரியல் புத்தகத்தைத் திரும்ப எடுத்துத் தோல் பாடத்தைப் படித்தாள். படர்தாமரை எப்படி இருக்கும், சேற்றுப்புண் எங்கே வரும், எந்தத் தோலைத் தொடக்கூடாது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே முகப் பயிற்சி. அம்மா கழற்றிப் போட்ட கடை ஏப்ரனை எடுத்து மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று நூறு வரை எண்ணுவாள். எண்ணி முடிக்கும்வரை முகம் அசையக்கூடாது. முதலில் ஏழு வரை தாக்குப்பிடித்தாள். இரண்டாவது மாதம் நாற்பது. நாலாவது மாதம் நூறு.

“என் ஏப்ரனை மோந்துகிட்டு மணவறைப் பொண்ணு மாதிரி நிக்கிறாளே,” என்று அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள். “மூணு வயசுல இந்தப் புத்தி இருந்திருந்தா எனக்குத் தண்ணியாவது மிச்சமாயிருக்கும்.”

ஐந்தாவது மாதம் மேடமே மெச்சினாள். “பாரு, கல்லு மாதிரி நிக்கிறா. இனி உனக்குப் பின்னறை வேலையும் சொல்லித்தரலாம்.”

பின்னறை என்பது மெழுகு காய்ச்சுகிற அறை. கை, கால் முடி எடுக்கிற மெழுகு. சூடாகப் பூசி, மேலே துணிப்பட்டை ஒட்டிச் சர்ரென்று இழுப்பார்கள். முடி மெழுகோடு துணியில் வந்துவிடும். அந்தத் துணியைக் குப்பையில் போட வேண்டும். அங்கே போடவில்லை. ஆள் வராத மதிய நேரத்தில், மழுங்கிய கத்தியால் துணியிலிருந்து மெழுகைச் சுரண்டி ஒரு பாத்திரத்தில் சேர்த்தார்கள். சூடாக்கி, பெண்கள் போடுகிற மெல்லிய நைலான் காலுறை ஒன்றில் ஊற்றி வடிகட்டினார்கள். மெழுகு தேன் நிறத்தில் கீழே இறங்கியது. காலுறைக்குள் கறுப்பாய் ஒரு முடிப்பந்து நின்றது, நூறு பேருடைய அக்குளும் காலும் ஒன்றாய் வெந்து.

“கீழ இறங்கினதைக் கழுவின டப்பாவுல ஊத்தி, மேலாக்கப் புதுசு கொஞ்சம் ஊத்து,” என்றாள் மேடம். “கொதிக்கிறதுல எந்தக் கிருமி நிக்கும்?”

மூக்கி காலுறையைப் பிழிந்தாள். அப்போது வந்தது அந்த வாடை. தேன் வாசனைக்கு அடியில், நனைந்த இறகு வேகிற வாடை. சின்ன வயதில் அவளைத் தூக்கத்திலிருந்து எழுப்பிய அதே வாடை.

அவள் முகம் அசையவில்லை. நூறு வரை எண்ணினாள்.

அன்றிலிருந்து அது அவள் வேலை. தினமும் மதியம் பிழிந்தாள். சாயந்திரம் முன்னறையில் யாரோ ஒரு பெண் கையை நீட்டிக்கொண்டு, “சூடு சரியா இருக்குமா?” என்று கேட்பாள். “இருக்குங்க” என்று மூக்கி சிரிப்பாள். ராத்திரி சாப்பிடும்போது விரலை மோந்து பார்ப்பாள். அம்மா, “என்னடி, சோத்துல கல்லா?” என்பாள். “ஒண்ணுமில்ல” என்று கையை உதறிவிட்டு எழுந்துவிடுவாள். மேடத்தின் மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. ஆனால் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டிய கை மேடத்தின் கை. இன்னும் ஒரு மாதம். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு வருடப் படிப்பு, ஒரு பத்திரம், பிறகு வாழ்நாளுக்கும் சுத்தமான இடம். யாரும் செத்துப் போய்விடவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

தேர்வு வந்தது. வேலை செய்து காட்ட ஆள் தேடி மூக்கி அலைந்தாள். பக்கத்து வீட்டுப் பெண், “எனக்கு வலி தாங்காதுடி” என்று ஒதுங்கினாள். பள்ளித் தோழி முந்தைய நாள் வரை வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சளி பிடித்துக்கொண்டது என்று செய்தி அனுப்பினாள். கடைசியில் அம்மா கடைக்கு அரை நாள் விடுப்புச் சொன்னாள்.

“கொப்பரையில விடாத கையை உன் மெழுகுல விடறேன். வேற என்ன செய்ய?”

மெழுகுக்கு மேடத்திடம் கேட்டாள். புது டப்பா ஒன்று தரச் சொல்லித்தான் கேட்டாள். மேடம் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, அதன் மேல் ஒரு டப்பாவையும் வைத்து நீட்டினாள். “பரீட்சைக்குப் புதுசு எதுக்கு? யாருக்குத் தெரியப் போகுது? பாஸ் பண்ணிட்டு வா, புதுசு தரேன்.”

பளபளவென்று, மேலே ஒட்டிய சீட்டுக்கூடக் கிழியாத டப்பா. முந்தாநாள் மூக்கியே கழுவி, மூக்கியே நிரப்பியது. சான்றிதழை எடுக்க டப்பாவையும் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்டாள்.

தேர்வுக் கூடம் நீளமான அறை. இரண்டு வரிசையாய் நாற்காலி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, மெழுகு சூடாக்க ஒரு மின் அடுப்பு. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு அம்மாள் அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு நாற்காலி நாற்காலியாய் வந்தாள். அவள்தான் தேர்வாளர். சுவரில் பெரிய கடிகாரம். ஆளுக்கு இருபது நிமிடம். உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் அக்காளோ தங்கையோ சிநேகிதியோ, சிவந்த சின்னக் கைகள். நடுவில் அம்மா, வெந்து வெந்து தோல் தடித்த கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் மூன்று தடவை குளித்திருந்தாள். பக்கத்து நாற்காலிப் பெண் ஒரு தடவை திரும்பிப் பார்த்து மூக்கை உறிஞ்சினாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

தேர்வாளர் வந்து அம்மாவின் கையைத் திருப்பிப் பார்த்தாள். முன்னங்கையில் நீளமாய் ஒரு புதுக் கீறல்.

“இது என்னம்மா?”

“சேவலுங்க. நேத்து. சாகறதுக்கு முன்னாடி கொஞ்சம் கோவிச்சுகிச்சு.”

தேர்வாளர் உதட்டுக்குள் சிரித்தாள். மூக்கியிடம், “எங்க போடுவே, எங்க போடமாட்டே?” என்றாள்.

“கீறலுக்கு ரெண்டு விரல் இந்தப் பக்கம், ரெண்டு விரல் அந்தப் பக்கம் விட்டுடுவேன். திறந்த தோல்ல மெழுகு படக்கூடாது. கிருமி உள்ள போயிடும்.”

“சரி, ஆரம்பி.” தாளில் ஏதோ எழுதினாள். நல்ல எழுத்தாகத்தான் இருக்க வேண்டும், பேனா சட்டென்று நகர்ந்தது.

மூக்கி டப்பாவைத் திறந்து அடுப்பில் வைத்தாள். மெழுகு இளகியது. மேலே போட்ட புதுசு முதலில் வாசனையாய்க் கிளம்பியது. குச்சியை விட்டு அடிவரை கிண்டினாள். கிண்டியதும் அடியிலிருந்தது மேலே வந்தது. குச்சியின் நுனியில் தேன் நிறச் சொட்டுக்குள் ஒரு முடி, சுருண்ட ஒரே ஒரு முடி, தப்பித்து வந்து நின்றது.

அவள் முகம் அசையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. அம்மா கையை நீட்டிக்கொண்டு மேலே விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை நிறைய தழும்பு, கொத்தியது, கீறியது, வெந்தது. இருபது, இருபத்தொன்று. இதே மெழுகை மூக்கி எத்தனை கையில் பூசியிருப்பாள். ஒருத்தி மணப்பெண். ஒருத்தி பள்ளிக்கூடத்துப் பிள்ளை, முதல் தடவை என்று பயந்து கண்ணை மூடிக்கொண்டவள். முப்பத்தாறு. நாற்பது. குச்சி கையின் மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. சொட்டு நீண்டு நீண்டு இறங்கியது.

மூக்கி குச்சியைத் திரும்ப டப்பாவுக்குள் போட்டாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக ஆள் முன்னால் அவள் முகம் சுளித்தது. கண், மூக்கு, வாய் எல்லாம் ஒரு பக்கமாய்ச் சுருங்கியது.

“என்ன?” என்றாள் தேர்வாளர். “மணி ஓடுது.”

“இந்த மெழுகைப் போட முடியாதுங்க.”

“ஏன், சூடு அதிகமா?”

“ஏற்கெனவே போட்டது. மத்தவங்களுக்குப் போட்டதைச் சுரண்டி எடுத்தது.”

கூடத்தில் நாலைந்து தலை திரும்பின. தேர்வாளர் குச்சியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள், அந்த ஒரு முடியே போதுமாயிருந்தது. குச்சியைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள்.

“டப்பா புதுசா இருக்கே. உனக்கு எப்படித் தெரியும்?”

அந்த இடத்தில் எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். கடையில் இப்படித்தான் விற்றான் என்று சொல்லியிருக்கலாம். இப்போதுதான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம்.

“நான்தான் வடிகட்டினேன்,” என்றாள் மூக்கி. “ஒரு மாசமா.”

தேர்வாளர் அட்டையைப் புரட்டிச் சான்றிதழைப் பார்த்தாள். மேடத்தின் கையெழுத்து, பார்லரின் முத்திரை. “இந்த இடத்துலயா?”

“ஆமாங்க.”

“அப்ப இந்தக் கையெழுத்தை நான் எப்படி எடுத்துக்கறது?”

மூக்கி பையைத் துழாவி ஒரு நூல்கண்டை எடுத்தாள். சொந்தக் காசில் வாங்கியது, காகிதம்கூடப் பிரிக்காதது. “நேரம் இருக்கும்வரைக்கும் புருவம் செய்யறேங்க,” என்றாள்.

தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தாள். தலையை அசைத்தாள்.

அம்மாவின் புருவத்தில் இதுவரை யாரும் கை வைத்ததில்லை. காடாய்க் கிடந்தது. மூக்கி நூலைப் பல்லில் கடித்து, விரலில் திருகி, குனிந்தாள். முதல் இழுப்பில் அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அடியே, கோழிக்கு உயிர் போன பிறகுதான்டி பிடுங்குவோம்.”

“பேசாத, ஆடுது.”

ஒரு புருவம் முடிந்தது. வில் மாதிரி, இரண்டு பக்கமும் சுத்தமாய், ஒரு சிவப்புத் திட்டுக்கூட இல்லாமல் வந்தது. அடுத்ததில் நூலை வைக்கும்போது மணி அடித்துவிட்டது.

தேர்வாளர் அந்த ஒரு புருவத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். பிறகு சான்றிதழை உருவித் தனியாய் வைத்தாள். “கை நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த ஆறு மாசம் செல்லாது. வேற இடத்துல மறுபடி ஆறு மாசம் செஞ்சு எழுதி வாங்கிட்டு வா. இந்தத் தடவை கிடையாது.” போகும்போது நின்று, “ஒரு மாசம் ஏன் சும்மா இருந்தே?” என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள்.

பேருந்தில் டப்பா மூக்கியின் மடியில் இருந்தது. ஆறி இறுகிக் கல்லாகியிருந்தது. அம்மா ஒரு புருவம் அழகியும் ஒரு புருவம் கோழிக்கடைக்காரியுமாய் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஏறி வருகிறவர்கள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

“போட்டுத் தொலைச்சிருக்கலாமேடி,” என்றாள் அம்மா. “எங்க கடையில ஒரே தண்ணியில நூறு முக்குறோம்.”

“அது செத்த கோழிம்மா.”

“நானும் அந்தத் தண்ணியிலதான் பதினஞ்சு வருசமா கைய விடறேன். எனக்கென்ன ஆச்சு?”

மூக்கி அம்மாவின் கையைப் பார்த்தாள். அம்மாவும் தன் கையைப் பார்த்துவிட்டுச் சேலைக்குள் எடுத்துக்கொண்டாள்.

“முதலாளிகிட்ட என்ன சொல்லட்டும்?” என்றாள் அம்மா.

“வரமாட்டேன்னு சொல்லு. நாளைக்கு வேற பார்லர் தேடப் போறேன்.”

“அந்த டப்பாவைத் தூக்கி ஜன்னல் வழியா எறி. நாத்தம் குடலைப் புரட்டுது.” சொல்லிவிட்டு அம்மாவே வாயில் கை வைத்தாள். வாழ்நாளில் அவள் எதையும் நாறுகிறது என்று சொன்னதில்லை.

“எறிஞ்சா வேற டப்பாவுல வடிப்பாங்கம்மா. பின்னறையில பெரிய பாத்திரம் நிறைய இருக்கு,” என்றாள் மூக்கி. கடைத்தெரு நிறுத்தத்தில் எழுந்துகொண்டாள். “நீ வீட்டுக்குப் போ.”

மதிய நேரம், பார்லரில் ஆள் இல்லை. மேடம் சாப்பிடப் போயிருந்தாள். நூலக்கா மட்டும் முன்னறை நாற்காலியில் கால் நீட்டிச் சாய்ந்திருந்தாள். மூக்கி நேரே பின்னறைக்குப் போனாள். பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள், மடியில் கொண்டுவந்த டப்பாவையும் அதில் கவிழ்த்தாள். எல்லாம் இளகி ஒன்றாயிற்று. வாடை எழுந்தது. இந்தத் தடவை அவள் எண்ணவில்லை. மூக்கைச் சுளித்தாள், வாயைக் கோணினாள், ஒரு தடவை ஓங்கரித்தும் பார்த்தாள்.

பிறகு முடி வெட்டும் நாற்காலிப் பக்கத்துக் குப்பைக் கூடையைத் தூக்கி வந்து, காலையிலிருந்து வெட்டி விழுந்த முடி அத்தனையையும் பாத்திரத்தில் கொட்டினாள். நீளம், குட்டை, சாயம் போட்டது, நரைத்தது. குச்சியால் கிண்டினாள். மெழுகு முடியை இழுத்துக்கொண்டு கறுத்துத் திரண்டது. இனி அது எந்தக் காலுறையிலும் வடியாது. அடுப்பை அணைத்தாள்.

திரும்பினால் வாசலில் நூலக்கா நின்றுகொண்டிருந்தாள். சாய்ந்த கழுத்தோடு பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். வாயில் நூல் இல்லை, ஆனாலும் பேச்சு மெதுவாய்த்தான் வந்தது.

“நாற்காலிக்கு அடியில இன்னும் கொஞ்சம் கிடக்கு பாரு, பாப்பா.”